மில்லிகிராம் வீட்டு இறால்கள்

குடிநீர்ச் சோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் அவர் மில்லிகிராம். எடை போடாமல் எதையும் நம்பமாட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற நுண்தராசு ரசாயனம் நிறுப்பதற்காக வந்தது. ஆனால் மூன்று மாதமாகக் காலை ஒன்பதேகாலுக்கு அதில் முதலில் ஏறுவது இறால் தீனி. ஊர் குடிக்கிற தண்ணீரின் முறை அதற்குப் பிறகுதான்.

இறால் என்றதும் யாரும் அடுப்பு, வாணலி என்று போய்விட வேண்டாம். இது வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கிற நன்னீர் இறால். சுண்டுவிரலில் ஒரு கணு நீளம், நல்ல சிவப்பு, நாள் முழுக்க எதையாவது பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே இருக்கும். மில்லிகிராம் வீட்டு வரவேற்பறையில் மொத்தம் பன்னிரண்டு இருந்தன. பாசியையும் தூசியையும் மேய்ந்து தன்பாட்டுக்குப் பிழைத்துப் போகிற ஜீவன்களுக்கு அவர் காலை, மாலை, விரத நாள் என்று அட்டவணை போட்டிருந்தார். இதே மனிதர்தான், மதியச் சாப்பாட்டை மூன்று நிமிடம் தாமதமாக முடித்ததற்காக ஒரு பெண்ணிடம் எழுத்தில் விளக்கம் கேட்டவர்.

அந்தப் பெண்தான் நம் கதைக்கு உரியவள். பதினொரு வருடமாக அங்கே சோதனையாளர். ஊரின் எந்த மூலைக் குழாயிலிருந்து தண்ணீர் வந்தாலும் பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அவள் குடும்பம் குடியிருந்ததோ பஸ்ஸில் ஏழு மணி நேரத் தொலைவில். கணவனுக்கு அங்கே துறைமுகப் பட்டறையில் வேலை. ஐந்து வயது மகளை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். இவள் மாதத்தில் இரண்டு ஞாயிறு போய்த் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவாள். போன முறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகள் வந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். இவள் வாய் நிறையச் சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மாற்றல் கேட்டு அவள் கொடுத்த மனு பதினான்கு மாதமாக மில்லிகிராமின் மேஜை டிராயரில் இருந்தது. இப்போது குடும்பம் இருந்த ஊரின் சோதனைக்கூடத்திலேயே ஓர் இடம் காலியாகியிருந்தது. மாதக் கடைசிக்குள் ஆள் போகாவிட்டால் அந்த இடத்தையே ரத்து செய்துவிடுவார்கள். தேவைப்பட்டது ஒரே ஒரு கையெழுத்து. அதை நிறுத்துப் பார்த்தால் எத்தனை மில்லிகிராம் இருந்திருக்கும்?

அந்த மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா."

பதினொரு வருடத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அன்றுதான். அப்போதே அவளுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

"என் பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. நானும் வீட்லயும் ஒன்பது நாள் போயிட்டு வரலாம்னு இருக்கோம்."

"ரொம்ப சந்தோஷம் சார். என்ன குழந்தை?"

"பொண்ணுன்னுதான் சொன்னாங்கன்னு நினைக்கிறேன்," என்றார் அவர், கொஞ்சம் யோசித்து. "இப்ப கவலை என்னன்னா, இறாலுங்களை யாரை நம்பி விட்டுட்டுப் போறது? அக்கம்பக்கத்துல கொடுத்தா கைக்கு வந்ததை அள்ளிப் போடுவாங்க. உனக்குன்னா அளவு தெரியும்."

அவள் டிராயரைப் பார்த்தாள். அவரும் அதைக் கவனித்தார்.

"உன் மனு பத்திரமா இருக்கு. வந்ததும் முதல் வேலை அதுதான். நான் வரும்போது பன்னிரண்டும் நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அன்று மாலையே வீட்டுச் சாவியும் பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு பக்கக் குறிப்பும் அவள் கைக்கு வந்தன. திங்களன்று தீனி உருண்டையில் பாதி, நாற்பது மில்லிகிராம். செவ்வாய், கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசிய கீரை இலை ஒன்று. புதன் பட்டினி, வயிற்றுக்கு ஓய்வு வேண்டுமாம். வியாழன், தோல் சீவிய வெள்ளரி வில்லை, மிதக்காமல் இருக்க முள்கரண்டியில் குத்தி இறக்க வேண்டும். வெள்ளியும் சனியும் உருண்டை. ஞாயிறு, அவித்த கேரட். எதைப் போட்டாலும் கண்ணாடித் தட்டில்தான் போட வேண்டும், சரியாக இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சாப்பிடும்போது பக்கத்தில் நின்று போன் பேசக்கூடாது. கடைசிப் பக்கத்தின் அடியில், சிவப்பு மையில்: எண்ணிக்கை, போகும்போது 12. திரும்பும்போது 12.

அந்த இரண்டு மணி நேரமும் அவள் அந்த வீட்டில் யாருமில்லாத சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இறால்கள் அவித்த காய்கறி சாப்பிட்டன. அவள் வேலையிலிருந்து நேராக வந்திருந்ததால் கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டாள். சோபாவில் துணுக்கு விழக்கூடாதே என்று உள்ளங்கையை ஏந்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் திங்கட்கிழமை மாலை, தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று செத்துக் கிடந்தது.

ஒருக்களித்து, வெளிறிப் போய், கால்களும் மீசையும் அப்படியே இருக்க, அசையாமல் கிடந்தது. அவள் மற்றவற்றை எண்ணினாள். பதினொன்று. கண்ணாடியில் மூக்கு இடிக்க மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான். சிவப்பு மையில் எழுதிய பன்னிரண்டு அவளைப் பார்த்து முறைத்தது.

வேறு யாராக இருந்தாலும் அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவியிருப்பார்கள். கொலை செய்தவன்கூடப் பிணத்துக்குச் சீட்டு ஒட்டமாட்டான். இவள் ஒட்டினாள். முடிவு தெரியாமல் எந்த மாதிரியையும் தூக்கிப் போடக்கூடாது என்பது சோதனைக்கூடத்து விதி. பதினொரு வருடத்தில் அது கையிலேயே ஊறிவிட்டது. கைப்பையிலிருந்த சோதனைப் பாட்டிலில் அதைப் போட்டு, மறுநாள் காலையில் கூடத்துக்குப் போனதும் கெடாமல் காக்கிற திரவம் ஊற்றி, சீட்டு எழுதினாள். மாதிரி 1. இடம்: உணவுத் தட்டு அருகே. நேரம்: மாலை 6.10. நிலை: இறப்பு. காரணம்: தெரியவில்லை. கூடத்துக் குளிர்பெட்டியின் கடைசித் தட்டில், யார் கண்ணிலும் படாத மூலையில் வைத்தாள்.

அதற்கு முன்பே, அந்தத் திங்கள் மாலையே, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த மீன், பறவைக் கடைக்கு ஓடியிருந்தாள்.

"சிவப்பு இறால் ஒண்ணு வேணும்."

"ஒண்ணே ஒண்ணாக்கா? இது கூட்டமா இருக்கிற ஜாதி. பத்தாவது வாங்கிக்கங்க," என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு போதும். நல்லா வளர்ந்ததா கொடுங்க."

அன்றைக்குத் தப்பித்தாள். புதன்கிழமை இரண்டு செத்துக் கிடந்தன. வெள்ளியன்று ஒன்று. சனி, ஞாயிறு ஒவ்வொன்று. செத்ததற்கு ஒன்றாக, மற்றவற்றை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்து போட்டாள். நான்காவது முறை போனபோது கடைக்காரர் இவளைத் தெருவில் கண்டதுமே வலையைக் கையில் எடுத்துவிட்டார். "வாங்கக்கா. கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா? இதை என்ன, சமைச்சுச் சாப்பிடறீங்களா?"

அவள் செய்யாத சோதனை இல்லை. தொட்டித் தண்ணீரை எடுத்து வந்து, ஊர்க் குடிநீருக்குச் செய்கிற அத்தனையும் செய்து பார்த்தாள். உப்பு சரி, அமிலம் சரி, எல்லாம் சரி. நகராட்சித் தண்ணீரைவிட அது எவ்வளவோ மேல். தீனியை இரண்டு முறை நிறுத்தாள். கீரையில் மருந்து அடித்திருப்பார்களோ என்று ஐந்து தண்ணீரில் அலசினாள். பாட்டில் மேல் பாட்டிலாகச் சீட்டு மட்டும் ஏறியது. காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தெரியவில்லை என்று எழுதும்போது தன் வேலை மீதே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

இது போதாதென்று மாலை ஏழு மணிக்கு வீடியோ அழைப்பு.

"போனை இன்னும் கிட்ட வைம்மா. தட்டைக் காட்டு. எண்ணு."

அவள் சத்தமாக எண்ணினாள். அந்தப் பக்கம் பச்சைக் குழந்தை வீரிட்டது. மில்லிகிராமின் மனைவி குரல் கேட்டது. "ஏங்க, பேத்தியை ஒரு நிமிஷம் வாங்குங்களேன். நான் பால் பாட்டிலைக் கழுவிட்டு வரேன்."

"இரு, வெள்ளரிக்காய்க்கு வருதான்னு பாத்துட்டு வரேன்."

வியாழனன்று எண்ணும்போது அவளுக்குப் பதின்மூன்று வந்தது. பதற்றத்தில் ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிட்டதாக நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். அதிலிருந்து பன்னிரண்டு வந்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள். வேண்டிய எண் வந்தபிறகு மேற்கொண்டு எண்ணுகிறவர்கள் உலகத்தில் குறைவு.

மில்லிகிராம் ஊரிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் பதினொரு மணிக்கு வந்தார். அவர் தாமதமாக வந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டில் கழுவுகிற அண்ணன், யாரோ பெரியவர் போய்விட்டார் போல என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அவர் வந்த வேகத்தை இவள் பார்த்தாள். எல்லாம் போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பதினெட்டு!" என்றார் அவர்.

"சார்?"

"பதினெட்டும்மா! மூணு தடவை எண்ணிட்டேன். பன்னிரண்டு பதினெட்டு ஆயிருக்கு. குட்டி போட்டிருக்கு! அதுவும் ஒன்பது நாள்ல முழுசா வளர்ந்து நிக்குது. எந்தத் தீனியிலயும் இப்படி வளர்ந்ததா நான் படிச்சதில்லை. என் அட்டவணை! என் புதன்கிழமை பட்டினி!"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆறு செத்தது. ஆறு வாங்கிப் போட்டாள். கூட்டிக் கழித்தால் பன்னிரண்டுதானே வர வேண்டும்? இந்த ஆறு எங்கிருந்து வந்தது? ஒருவேளை உண்மையிலேயே குட்டி போட்டுவிட்டதோ? எப்படியோ, தலை தப்பியது. அவள் கேட்டாள்.

"சார், அந்த மாற்றல் மனு..."

"எந்த மனு? ஓ, அதுவா." அவர் முகம் அன்பால் கனிந்தது. அந்த முகத்தில் அன்பு வந்தால் எதிரே நிற்பவர்களுக்கு நல்லதல்ல. "நீ என்னம்மா விவரமில்லாம பேசற? உன் கைராசி அப்படி! நான் மூணு மாசமா அதே தீனிதான் போடறேன், ஒண்ணும் நடக்கலை. நீ ஒன்பது நாள் போட்டே, பெருகிடுச்சு. உன்னை அனுப்பிட்டு நான் என்ன பண்ணுவேன்? இனிமே வாரத்துல மூணு நாள் நீயே வந்து போட்டுடு. மாற்றலை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

டிராயரைத் தொடக்கூட இல்லை. பன்னிரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் கையெழுத்து கிடைத்திருக்காது, கூடியதாலும் கிடைக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் அவளுக்கு வந்த கோபத்தில் அந்தப் பதினெட்டையும் பிடித்து மிளகாய் தடவி வறுத்திருப்பாள். போனில் கணவனிடம் சொன்னாள். "பாப்பாகிட்ட நீ வரப்போறேன்னு சொல்லி வச்சுட்டேனே," என்றான். அதற்கு மேல் கேட்க அவளால் முடியவில்லை.

மில்லிகிராமுக்கோ தலைகால் புரியவில்லை. பார்க்கிறவரிடமெல்லாம் பதினெட்டு என்றார். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, இறால் வளர்ப்போர் சங்கத்தை வீட்டுக்கு அழைத்தார். துறையின் இயக்குநரையும் அழைத்தார். கைராசிக்காரியை அழைக்காமல் இருப்பாரா? தொட்டிக்குப் பக்கத்தில் அவளை நிற்க வைத்து, வெள்ளரியை முள்கரண்டியில் குத்தி இறக்கிக் காட்டச் சொன்னார். சங்கத்தார் பத்துப் பேர் சுற்றி நின்று, ஆபரேஷன் பார்ப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அவர்களில் ஒரு பல் டாக்டர் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஒன்பது நாள்ல இவ்வளவு பெருசா? எங்க வீட்டுக் குட்டிங்க ஒரு மாசம் ஆகியும் அரிசிக் குருணை அளவுதானே இருக்கு?" என்றார்.

"நீங்க என்ன தீனி போடறீங்க?" என்று கேட்டார் மில்லிகிராம்.

"ஏதோ கையில வர்றதைப் போடுவேன்."

"அதான்," என்றார் மில்லிகிராம். கூட்டம் சிரித்தது. பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மற்றவர்கள் வாயைத் திறக்க வைத்தே பழகியவருக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அரை மணி நேரத்தில் மில்லிகிராமைச் சங்கத் தலைவராக்கினார்கள். இயக்குநர், அந்த அட்டவணையைத் துறைப் பத்திரிகையில் படத்தோடு போடலாம் என்றார். தலைமை அலுவலக வாசலில் ஒரு தொட்டி வைத்து அதே முறையில் வளர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மில்லிகிராமின் மனைவி அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து வந்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"ஒன்பது நாள் உன்னை ரொம்பப் படுத்திட்டாரும்மா," என்றார். "ஆமா, கேக்கணும்னு இருந்தேன். எத்தனை தோல் கெடந்துச்சு?"

"என்ன தோலும்மா?"

"அதுங்க கழட்டிப் போடற தோல்தான். பெருசாகும்போது சட்டையைக் கழட்டற மாதிரி அப்படியே உரிச்சுப் போட்டுடும். காலு, மீசை எல்லாம் சேர்த்து அச்சா இறால் மாதிரியே கெடக்கும். புதுத் தோல் கெட்டியாகற வரைக்கும் பயந்துக்கிட்டு ரெண்டு நாள் பாசிக்குள்ள ஒளிஞ்சுக்கும். கெளம்பறதுக்கு முன்னாடி இவரு பாதித் தண்ணியை மாத்தினாரு இல்ல? தண்ணி மாத்தினா நிறைய உரிக்கும்."

அவள் கையிலிருந்த டம்ளர் நழுவிச் சிங்க்கில் விழுந்தது. நல்லவேளை, எவர்சில்வர்.

"சாருக்கு இது தெரியாதாம்மா?"

"அவரு எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே நான் பொறுக்கிக் குப்பையில போட்டுடுவேன். தெரிஞ்சா அதையும் தராசுல வைப்பாரு, அதுக்கு ஒரு அட்டவணை போடுவாரு. எனக்குத் தெரிஞ்சதை அவர்கிட்ட சொல்லாம விட்டுத்தான் முப்பது வருஷமா இந்தக் குடும்பம் ஓடுது." சொல்லிக்கொண்டே திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். வரவேற்பறையிலிருந்து பதினெட்டு, பதினெட்டு என்று கணவரின் குரல் கேட்டது. அந்த அம்மாளுக்கு மெதுவாகப் புரிந்தது. "அடிப்பாவி, எத்தனை வாங்கிப் போட்டே?"

"ஆறும்மா."

அந்த அம்மாள் சோப்பு நுரைக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, சிங்க்கின் விளிம்பில் சாய்ந்து, சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மறுநாள் காலை எட்டரைக்கே அவள் கூடத்தில் இருந்தாள். குளிர்பெட்டியின் கடைசித் தட்டிலிருந்து பாட்டில் ஒன்றை எடுத்து, உள்ளிருந்ததை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தாள். முதுகில், தலையும் உடலும் சேருகிற இடத்தில் சுத்தமாக ஒரு பிளவு. உள்ளே சதை இல்லை, குடல் இல்லை, ஒன்றுமே இல்லை. அடுத்ததும் அப்படியே. பாட்டில் கழுவுகிற அண்ணன் தோளுக்குப் பின்னால் வந்து, "நானும் பாக்கட்டா?" என்று குனிந்தார். "என்னம்மா, உள்ள ஆளையே காணோம்?"

"ஆமாண்ணே. அவரு எப்பவோ கெளம்பிட்டாரு."

பதினொரு வருடமாக ஊர்த் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் கண்டுபிடித்தவள், கண்ணுக்கு எதிரே கிடந்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கவில்லை. செத்ததா என்று கேட்காமல் ஏன் செத்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு தைரியமும் வந்தது. கைராசிதானே தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது? அது இல்லை என்று காட்டிவிட்டால் தன்னை எதற்காக வைத்துக்கொள்வார்? அவள் நினைத்தது அவ்வளவுதான். ஆறு பாட்டிலையும் தட்டில் அடுக்கி, மைக்ரோஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு, அவர் அறைக்குள் போனாள்.

எதையும் மறைக்காமல் சொன்னாள். பயந்தது, கடைக்கு ஓடியது, ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டது எல்லாம்.

மில்லிகிராம் முதல் பாட்டிலைக் கையில் எடுத்துச் சீட்டைப் படித்தார். "நிலை, இறப்புன்னு நீதானே எழுதியிருக்கே?"

"தப்பா எழுதிட்டேன் சார். பாருங்க."

அவர் பார்த்தார். மாதிரி ஒன்று, மாதிரி இரண்டு என்று ஆறையும் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க அவருக்கு மனமே வரவில்லை. எடுத்தால் எதிரே அவள் இருப்பாளே.

"அப்ப குட்டி..."

"போடலை சார்."

"பதினெட்டு..."

"பன்னிரண்டு உங்களது சார். ஆறு கடையில வாங்கினது."

திட்டப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். சமையலறையில் நுரைக் கையோடு சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. முப்பது வருடமாகச் சொல்லாதவரை இவள் எதற்காக இழுத்துவிட வேண்டும்?

"நான் சொல்லி உங்களுக்கு மட்டும்தான் சார் தெரியும்."

"கடைக்காரன்?"

"நான் சமைச்சுச் சாப்பிடறேன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். பத்திரிகையில் வரப்போகிற படம், தலைமை அலுவலகத் தொட்டி, சங்கத் தலைவர் பதவி, பல் டாக்டர் சிரிக்கப் போகிற சிரிப்பு என்று ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போயின. பிறகு அவளை, முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"நீ மாற்றல் கேட்ட ஊரு, எவ்வளவு தூரம் சொன்னே?"

"பஸ்ல ஏழு மணி நேரம் சார்."

"ஏழு மணி நேரம்," என்றார் அவர். அந்தத் தூரம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "ரயில் இல்லையே?"

"இல்லை சார்."

டிராயர் திறந்தது. பதினான்கு மாதம் தூங்கிய மனு வெளியே வந்தது. பேனா மூடியைக் கழற்றுவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், கடமை தவறாதவர், நுணுக்கமானவர், குறிப்பாக வாய் அடக்கம் உள்ளவர் என்று பரிந்துரையும் எழுதினார். "குழந்தை பாவம், அம்மா இல்லாம எப்படி இருக்கும்? எனக்கும் இப்பத்தானே பேத்தி பொறந்திருக்கு," என்றார். பேத்தி என்பது அன்றைக்கு அவருக்குச் சந்தேகமில்லாமல் நினைவிருந்தது. "நாளைக்கு எதுக்கு? இன்னைக்கு மதியமே உன்னை விடுவிச்சுடறேன்."

சொல்லிக்கொண்டே பாட்டில்களைத் தன் பக்கம் இழுத்தார். எண்ணிப் பார்த்தார்.

"அஞ்சுதானே இருக்கு? ஆறாவது?"

அது அவள் கைப்பைக்குள் போயிருந்தது. எந்த நிமிடத்தில் எடுத்துப் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கதவைச் சாத்தியபோதாக இருக்கலாம்.

"மறுமாதிரி சார். ஒண்ணு சோதனை பண்ணினவங்க கையில இருக்கணும்னு விதி."

"எவ்வளவு நாளைக்கு?"

"பிரச்சினை எதுவும் வராதுன்னு உறுதியாகற வரைக்கும் சார்."

விதியை அவருக்கு அவள் ஞாபகப்படுத்தியது பதினொரு வருடத்தில் அந்த ஒரு முறைதான். அவர் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார்?

மறுநாள் மாதக் கடைசி. காலையில் அவள் புதுக் கூடத்தில் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்துவிட்டு, பையோடு வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்ன கொண்டு வந்திருக்கிறாள் என்று கைப்பையைக் குடைந்தவளுக்கு அந்தப் பாட்டில் அகப்பட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னம்மா?"

"இறால்."

"உள்ள ஒண்ணுமே இல்லையே. வெறும் தோலு."

தலைமை அதிகாரியும் சோதனையாளரும் பதினைந்து நாள் எடுத்துக்கொண்ட வேலை. குழந்தை ஒரு நொடியில் முடித்துவிட்டு, பாட்டிலைக் கீழே வைத்தாள். பிறகு தன் வழக்கமான கேள்விக்கு வந்தாள்.

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"இனிமே போகமாட்டேன்டா கண்ணு. அம்மா இங்கேயே இருக்கப் போறேன்."

மகள் நம்பவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு வீதம் ஏமாந்தவள் அவள். இவள் தோளில் தொங்கிய பெரிய பையையே பார்த்துக்கொண்டு, "அப்ப இதை எதுக்கு இன்னும் கட்டியே வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி, ஜிப்பைத் திறந்து, அங்கேயே தரையில் கவிழ்த்துக் கொட்டினாள். புடவை, சீப்பு, சோப்பு டப்பா, சோதனைக்கூடத்து வெள்ளைக் கோட்டு எல்லாம் கலைந்து விழுந்தன. மகள் காலிப் பையை எடுத்து, தலையை உள்ளே விட்டு, மூலை வரை கையால் தடவிப் பார்த்தாள். எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் பையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள்.